வலை என்று நினைத்துவிட்டேன்

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பயிற்சி முடித்து முதல் கப்பலில் ஏறப்போகும் இளம் அதிகாரிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, "ஐயா, உங்கள் முப்பத்துநான்கு வருடக் கடற்படை வாழ்க்கையின் பெருமையான தருணங்களை எங்களுக்கு எழுதித் தர வேண்டும்" என்று கேட்டிருந்தீர்கள். பெருமையான தருணங்கள் இல்லாமல் இல்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் பதக்கங்களாகக் கிடக்கின்றன. டப்பாவின் மேல் என் மனைவி ஊறுகாய் ஜாடியை வைத்திருக்கிறாள். அந்த ஜாடியை நகர்த்த எனக்கு அனுமதி கிடையாது.

நான் ஓய்வு பெற்றுப் புதுச்சேரிக்குத் திரும்பிய வாரம், தெருமுனை டீக்கடைக்காரர் என் மீசையையும் நடையையும் பார்த்துவிட்டு, "சொல்தாவா சார்? பிரான்ஸ் பென்ஷனா?" என்று ஆவலாகக் கேட்டார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். "இல்லைங்க, நம்ம நாட்டுக் கடற்படை" என்றேன். "ஓ, அப்பிடியா" என்றவர் முகம் சப்பென்று ஆகிவிட்டது. "சரி வுடுங்க சார், டீ ஸ்ட்ராங்காவா லைட்டாவா?" அதோடு என் வீர வரலாறு ஊரில் முடிந்தது. எனவே அதை விட்டுவிட்டு வேறு ஒன்றை எழுதுகிறேன்.

பணியின் நடுவில் ஒரு படிப்புக்காக என்னை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு நாள் எங்களிடம் பேச ஓய்வு பெற்ற ஆங்கிலேய அட்மிரல் ஒருவர் வந்தார். எண்பதை நெருங்கும் வயது. பதின்மூன்று வயதில் கடற்படைப் பள்ளியில் சேர்ந்து, ஒரு பெரும் போரைக் கடந்து, பல கப்பல்களுக்குத் தலைவராக இருந்தவர். நாங்கள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தோம். அந்த மனிதர் ஒரு மணி நேரம் பேசியதெல்லாம் இருபத்துநான்கு வயதில் தான் செய்த ஒரு தவறைப் பற்றி. கடலில் விழுந்த மாலுமி ஒருவனை எந்தப் பக்கம் தேடுவது என்பதில் அவசரப்பட்டிருக்கிறார். ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நான் சரியாகச் செய்ததை என் இடத்தில் யார் இருந்தாலும் செய்திருப்பார்கள். இது ஒன்றுதான் நானாகச் செய்தது" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் அப்படி ஒன்று இருந்தது.

நான் இதே புதுச்சேரியில், வைத்திக்குப்பத்தில் பிறந்தவன். அப்பா மீன்பிடித் தொழில். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் அவரோடு படகில்தான் இருப்பேன். எங்கள் குப்பத்திலிருந்து கடற்படைக்கு அதிகாரியாகப் போன முதல் ஆள் நான் என்று சொல்லி மாலை போட்டு, மேளம் அடித்து ரயிலேற்றினார்கள். அந்த மேளச் சத்தம் என் காதில் இரண்டு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தது. தலைக்கனம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயதுகூட ஆகவில்லை. தனியாக வாட்ச் பார்த்துக் கப்பலை நடத்தத் தகுதியானவன் என்று கேப்டன் கையெழுத்திடும் சான்றிதழுக்காகக் காத்திருந்தேன். அடுத்த வாரம் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். அது இல்லாமல் நம் தொழிலில் மேலே போக முடியாது என்பது உங்களுக்கே தெரியும். அதுவரை பகலில், வெறும் கடலில் மட்டும், கப்பலை நடத்தும் மேல்தளமான பிரிட்ஜை என்னிடம் விட்டுவிட்டுக் கீழே போவார். எங்கள் கேப்டன் அதிகம் பேசாத மனிதர். தன் உத்தரவுப் புத்தகத்தின் முதல் வரியில், "சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடு" என்று எழுதியிருப்பார். வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம் அது. எல்லாக் கப்பலிலும் ஏதோ ஒரு வார்த்தையில் இருக்கும். தினம் படித்துக் கையெழுத்துப் போடுவோம். தினம் கையெழுத்துப் போடும் எதையும் மனிதன் படிப்பதில்லை.

கிழக்குக் கரையிலிருந்து அந்தமானுக்குப் போய்க்கொண்டிருந்தோம். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை என் வாட்ச். வைகாசி வெயில், காற்றே இல்லை. ஆனால் தெற்கிலிருந்து நீளமான அலை ஒன்று ஓயாமல் வந்துகொண்டிருந்தது. பதினொன்றேகால் மணிக்கு வலது பக்கம் தூரத்தில் சின்ன ஃபைபர் படகு தெரிந்தது. தொலைநோக்கியில் பார்த்தேன். நான்கு பேர். ஒருவன் எழுந்து நின்று துணியை ஆட்டிக்கொண்டிருந்தான்.

பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்து சந்தோஷமாகிவிட்டது. அப்பாவோடு படகில் நின்று நானே எத்தனை முறை அப்படி ஆட்டியிருக்கிறேன்! பெரிய கப்பல் வருவது தெரிந்தால் லுங்கியை அவிழ்த்து ஆட்டுவோம். வலை கிடக்கிறது, ஒதுங்கிப் போ என்று அர்த்தம். கப்பல் பார்க்காமல் வலைமேல் ஏறிப் போனால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே அறுந்துபோகும். கப்பலில் இருந்த மற்ற அதிகாரிகள் யாருக்கும் இது தெரியாது. எனக்குத் தெரியும். கப்பலை இடது பக்கமாக நன்றாகத் திருப்பி, அவர்களுக்குத் தாராளமாக இடம் விட்டு ஒதுங்கினேன். நம் சனத்துக்கு ஒரு நல்லது செய்தோம் என்ற நிறைவு வேறு.

பக்கத்தில் காவல் பார்த்துக்கொண்டிருந்த மாலுமி ராஜஸ்தான்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வேலைக்குச் சேரும்வரை கடலையே பார்த்திராதவர். அவர் தயங்கித் தயங்கி இந்தியில் சொன்னார்: "சார், போ என்று சொல்வது மாதிரி தெரியவில்லை. எங்கள் ஊர் மணலில் வழி தப்பியவன் தூரத்தில் போகிறவனைக் கூப்பிட்டால் இப்படித்தான் இருக்கும்."

நான் அவர் தோளைத் தட்டினேன். "அண்ணே, நான் பிறந்ததே கடற்கரையில். இது வலைக்கு ஆட்டுவது. மணல் விஷயம் வந்தால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்." பிரிட்ஜில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மரியாதைக்கு அவரும் சிரித்தார். படகு பின்னால் போய்ப் புள்ளியாகி மறைந்தது.

பன்னிரண்டு மணிக்கு வாட்சை ஒப்படைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சாதத்தில் ரசம் ஊற்றிப் பிசையும்போது கப்பல் அடுத்த பாதைக்குத் திரும்பியது. அதுவரை முன்னாலிருந்து வந்த அலை இப்போது பக்கவாட்டில் அடித்தது. கப்பல் புரண்டது. தட்டு வழுக்கி ரசம் என் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. "அலைக்குக் குறுக்கே கிடந்தால் இப்படித்தான்" என்று எதிரில் இருந்தவர் சொன்னார்.

அந்தப் படகு அலைக்குக் குறுக்கே கிடந்தது.

என் கண்ணால் பார்த்திருந்தேன். வலை போட்டுக் காத்திருக்கும் படகு அப்படிக் கிடக்காது. வலையின் நுனியில் கட்டியிருப்பதால் அலைக்கு முகம் கொடுத்து நிற்கும். எஞ்சினும் செத்து, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் போகிற படகுதான் அப்படிக் குறுக்கே விழுந்து புரளும். சுற்றிலும் ஒரு மிதவைக் கொடிகூட இருக்கவில்லை. அதையும் பார்த்தேன். பத்து வயதில் இதைப் பார்த்திருந்தால் அப்பாவிடம் கத்தியிருப்பேன். இருபத்துமூன்று வயதில், தொலைநோக்கியோடு, எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் தாண்டி வந்துவிட்டேன்.

உடனே எழுந்து ஓடினேன் என்று எழுதத்தான் ஆசை. ஓடவில்லை. ரசம் சொட்டும் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். வேறு கப்பல் ஏதாவது அந்த வழியாக வராதா? நான் நினைப்பது தப்பாக இருந்து, திரும்பிப் போய்ப் பார்த்தால் அவர்கள் மீனைக் கழற்றிக்கொண்டிருந்தால்? சரியாக இருந்தால் அதைவிட மோசம். அடுத்த வாரக் கையெழுத்து போயிற்று. மேளம் அடித்து அனுப்பியவர்களிடம் என்ன சொல்வது? ஐந்து நிமிடம் இப்படிப் போயிருக்கும். தண்ணீர் இல்லாத படகில் ஐந்து நிமிடம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தமில்லை.

கேப்டன் தன் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படித்துக்கொண்டிருந்தார். நின்றவாக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். துணியை, நான் திரும்பியதை, காவல்காரர் சொன்னதை, அவரை நான் கேலி செய்ததை. ஏன் என்று அவர் கேட்கவில்லை. "எந்த இடம்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். செருப்பைப் போட்டுக்கொள்ளாமலேயே பிரிட்ஜுக்கு ஏறினார். கப்பல் திரும்பியது.

அந்த இடத்துக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. கடல் மட்டும்தான். சின்ன ஃபைபர் படகு ராடாரிலும் சரியாகத் தெரியாது. நீரோட்டத்தைக் கணக்குப் போட்டு வடக்கே மேலும் கீழுமாகத் தேடினோம். இரண்டு மணி, மூன்று மணி, நான்கு மணி. நின்றுகொண்டு துணி ஆட்டும் ஆளைத்தான் எல்லோரும் தேடினோம். ராஜஸ்தான்காரருக்கு அது ஓய்வு நேரம். யாரும் கூப்பிடாமலே மேலே வந்து, கண்ணுக்குத் தொலைநோக்கியை வைத்தவர் எடுக்கவேயில்லை. என்னைப் பார்த்து அப்போதே சொன்னேனே என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அவருக்கு முன்னால் நிற்க எனக்குக் கூசியது.

ஐந்து மணிக்கு அவர்தான் கண்டுபிடித்தார். படகில் யாரும் நிற்கவில்லை. ஆட்டவும் இல்லை. நான்கு பேரும் படகுக்குள் படுத்துக் கிடந்தார்கள். கப்பல் கிட்டே வந்து ஊதிய பிறகுதான் ஒரு தலை எழுந்தது.

கடலூர்ப் பக்கத்துக்காரர்கள். எஞ்சின் பழுதாகி ஐந்து நாள். தண்ணீர் தீர்ந்து ஒன்றரை நாள். ஒருவருக்கு நினைவே இல்லை. அவரைத் தூக்கி ஏற்றும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். மருத்துவ அறையில் மற்ற மூவருக்கும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுத்தார்கள். கப்பலில் தமிழ் தெரிந்த அதிகாரி நான் ஒருவன்தான். அவர்களிடம் விசாரித்துச் சொல்லும்படி கேப்டன் என்னை நிறுத்தினார்.

அவர்களில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், படகுக்குச் சொந்தக்காரர், என் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு வெடித்திருந்தது. "நீங்க நல்லா இருக்கணும் சார். காலையில ஒரு கப்பல் வந்துச்சி. துணிய ஆட்டுனோம். நல்லா பாத்தான் சார். பாத்துட்டு, வேணும்னே திருப்பிக்கினு போயிட்டான். அதோட மனசு வுட்டுப்போச்சி. ஆட்டுன துணியவே போத்திக்கினு படுத்துட்டோம். அந்தக் கப்பல்காரன் நல்லா இருப்பானா?"

வேறு கப்பல் என்று நினைத்துவிட்டார். வெள்ளை வெயிலில் தூரத்தில் பார்த்தது, எப்படித் தெரியும்?

"என்ன சொல்கிறார்?" என்று கேப்டன் கேட்டார்.

பிள்ளைகளே, அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் மட்டும்தான். கேப்டனிடம் நன்றி சொல்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. இவரிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். கேப்டனிடம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று, தண்டனை எதுவோ அது அங்கிருந்து வரும். இந்த மனிதரின் வாழ்த்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் யாருக்கு என்ன நஷ்டம்? என் கையை அவர் இன்னும் விடவில்லை.

அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேப்டனிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு அவரிடம் திரும்பி, "அண்ணே, அது வேற கப்பல் இல்ல. இதேதான். திருப்பிக்கினு போனது நான்தான். வலை கெடக்குதுன்னு ஆட்டுறீங்கன்னு நெனச்சிட்டேன். நானும் வைத்திக்குப்பம்தான். தெரிஞ்சிருக்கணும். என்ன மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். என் முகத்தை, பிறகு ரசக்கறை படிந்த சட்டையை, பிறகு மறுபடி முகத்தைப் பார்த்தார். படுத்திருந்த இரண்டு பேரும் தலையைத் திருப்பினார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். சீருடையில் அழக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

"போனவன் எதுக்குத் திரும்பி வந்த?" என்று கேட்டார். பேச்சில் 'சார்' போய்விட்டது.

"படகு குறுக்க கெடந்துச்சி. சாப்புடக்கொள்ளதான் ஞாபகம் வந்துச்சி."

அவர் எடுத்த கையை மெதுவாக நீட்டி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் துறைமுகத்தில் இறக்கும்வரை என்னை அவர் சார் என்று கூப்பிடவில்லை, தம்பி என்றுதான் கூப்பிட்டார். நினைவில்லாமல் இருந்தவரும் பிழைத்துக்கொண்டார்.

சான்றிதழ் அடுத்த வாரம் வரவில்லை. கேப்டன் கூப்பிட்டு, "அன்று என்னைக் கூப்பிடாததற்கு மூன்று மாதம் பொறுத்திரு. வந்து சொன்னதற்காக அதற்குப் பிறகு போடுகிறேன்" என்றார். சொன்னபடியே மூன்று மாதம் கழித்துப் போட்டார். நான் ராஜஸ்தான்காரரிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டபோது அவர்தான் சங்கடப்பட்டு, "மணலும் கடலும் ஒன்றுதான் சார், இரண்டிலும் தண்ணீர் கிடைக்காது" என்று சிரித்துச் சமாளித்தார்.

பிற்பாடு நான் கேப்டன் ஆனபோது என் உத்தரவுப் புத்தகத்தில், "உனக்குச் சந்தேகம் இல்லாவிட்டாலும், உன் பக்கத்தில் நிற்பவனுக்கு இருந்தால் என்னைக் கூப்பிடு" என்று எழுதினேன். பலன் என்ன தெரியுமா? ஒரே நாளில் பதினோரு முறை கூப்பிட்டார்கள். ஒரு தடவை மிதந்து வந்த தென்னை மரத்துக்கு. இன்னொரு தடவை தூங்கிக்கொண்டிருந்த ஆமைக்கு. குளித்துக்கொண்டிருந்தவன் சோப்பு நுரையோடு ஓடி வந்து ஆமையைப் பார்த்தேன். கூப்பிட்ட பெண் அதிகாரி அழாத குறையாக நின்றாள். "நல்ல ஆமை. நன்றி" என்று சொல்லிவிட்டுக் கீழே போனேன். ஒரு முறை முகம் சுளித்தால் போதும், பன்னிரண்டாவது முறை கூப்பிட மாட்டார்கள். நீங்களும் ஒரு நாள் கேப்டன் ஆவீர்கள். ஆமைக்கும் நன்றி சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் சொன்னதை இன்னும் எழுதவில்லை. எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

அந்த வருடம் விடுமுறைக்கு வந்தபோது அவர் கரையில் எஞ்சினைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மணலில் உட்கார்ந்து சொன்னேன். கேட்கக் கேட்க அவர் கை நின்றுவிட்டது.

"துணி ஆட்டுனா இன்னான்னு உனுக்குத் தெரியாதா?"

"வலைன்னு நெனச்சேன்பா."

"நான் ஆட்டியிருக்கேன்டா. நீ பொறக்குறதுக்கு முன்ன. நாலு நாளு. மூணு கப்பலு போச்சி. ஒருத்தன் கையக்கூட காட்டிட்டுப் போனான்." எனக்கு இது தெரியாது. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. எஞ்சினை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எழுந்து போவார். கேப்டன் கொடுத்த மூன்று மாதத்தைவிட அந்த இரண்டு நாள் எனக்குப் பெரிய தண்டனை.

மூன்றாம் நாள் காலை, படகுகள் வந்து ஏலம் முடிந்து, ஆட்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அப்பா என்னைக் கையைப் பிடித்து நடுவில் இழுத்துக்கொண்டு போனார். எல்லோர் முன்னாலும் திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் சத்தமாகச் சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்குங்கடா. கடல்ல மாட்டிக்கினா, கப்பல் பாத்துட்டுத் திரும்பிப் போனாலும் துணியக் கீழ போடாதீங்க. படுத்துடாதீங்க. ஆட்டிக்கினே இருங்க. போனவன் திரும்பி வருவான். என் மவன் வந்தான்."

யாரோ கைதட்டினார்கள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. எந்தத் தைரியத்தில் இந்த மனிதர் உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் சேர்த்து வாக்குக் கொடுக்கிறார் என்று பயமாகவும் இருந்தது.

அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதே கரையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். விற்றவருக்கு முப்பது வயது இருக்கும். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. போன், ஜி.பி.எஸ்., எல்லாம் வந்த பிறகு இப்போது பயம் இல்லையே என்று சும்மா கேட்டு வைத்தேன். "போன் செத்துட்டா துணிதான் சார்" என்றார், செதிலைச் சுரண்டிக்கொண்டே. "கப்பல் போயிட்டாலும் ஆட்டிக்கினே இருக்கணும். திரும்பி வருவாங்கன்னு எங்க குப்பத்துல சொல்லுவாங்க."

அந்த வாக்கை நம்பித்தான் அவர்கள் இன்றும் கடலுக்குப் போகிறார்கள். நான் கரைக்கு வந்துவிட்டேன். இனி திரும்பி வர வேண்டியது நீங்கள்தான்.